தொழிற்கூடத்தின் வாயிலில் மாணவர்

கோடை விடுமுறை தொடங்கியதும் வடமாநில நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு புதுவிதப் பயண ஏற்பாடு நடைபெறுவதைச் சில ஆண்டுகளாக நாம் கண்டு வருகிறோம். முன்பெல்லாம் விடுமுறை எனின், சென்னை செல்லும் ரயிலில் இடம் பதிவு செய்வதும் பாட்டி வீட்டுக்கு மூட்டை கட்டுவதுமே வழக்கம். இப்போதோ, பொறியியலும் நிர்வாக இயலும் பயிலும் பிள்ளைகள் அந்த இரண்டு மாதங்களை மின்சார நிறுவனத்திலோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்திலோ கழிக்கச் செல்கின்றனர். அங்கே அவர்களுக்கு இடப்படும் பணி யாதெனில், ஆலோசனை கூறுவது. நிறுவனம் கரிப்புகையைக் குறைப்பது எவ்வாறு, கணக்குகளையும் கருவிகளையும் கம்ப்யூட்டரின் ஆளுகைக்குக் கொண்டுவருவது எவ்வாறு என்பன போன்ற வினாக்களுக்கு விடை தேடி, அறிக்கை எழுதித் தர வேண்டும்.

இதனைக் கேள்வியுறும் பெரியவர்கள் புன்னகை புரிகின்றனர். ஐம்பது ஆண்டுகளாக நடைபெறும் நிறுவனத்துக்கு இருபது வயது நிரம்பாத பிள்ளை என்ன சொல்லிவிட முடியும் என்பது அவர்கள் ஐயம். ஐயம் நியாயமானதே. ஆயினும், மாணவரைத் தொழிற்கூடத்துக்கு அனுப்பும் வழக்கம் நேற்று முளைத்ததன்று. அதற்கு இரண்டரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஒருமுறை நோக்கினால் அந்த ஐயத்துக்கு விடை கிடைக்கக் கூடும்.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு எதனையும் சொல்லிலிருந்து தொடங்குவதே வழக்கம். எரிபொருள் நிறுவனங்கள் இன்று அதிகம் உச்சரிக்கும் சொல் ‘நிலைபேறு’ என்பது. எடுக்கும் அளவுக்கு மீண்டும் விளைவித்து, வரும் தலைமுறைக்கும் மிச்சம் வைப்பது என்பதே இதன் கருத்து. இக்கருத்து காட்டைக் காக்க விரும்பிய அருளாளர் எவரிடமிருந்தும் பிறக்கவில்லை. சுரங்கத்தை நடத்திய அதிகாரி ஒருவரிடமிருந்து பிறந்தது. ஜெர்மனியில் சாக்சனி நாட்டின் பிரைபர்க் நகரைச் சூழ வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. தாதுவை உருக்க விறகும் கரியும் வேண்டும். சுரங்கத்தின் கூரையைத் தாங்க மரம் வேண்டும். காடுகள் அழியத் தொடங்கின. வெள்ளி மண்ணுக்குள் இருந்தும், அதை உருக்க விறகின்றி உலைகள் அணையும் நிலை நெருங்கியது. சுரங்க நிர்வாகத்தில் உயர் பதவி வகித்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்பார் 1713ஆம் ஆண்டு காடு வளர்ப்பைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். வெட்டும் மரத்துக்கும் வளரும் மரத்துக்கும் கணக்கு நேராக இருத்தல் வேண்டும் என்பது அந்நூலின் சாரம். ஆகவே, நிலைபேறு என்பது பிறக்கும்போதே எரிபொருளைப் பற்றிய கவலையாகப் பிறந்தது.

அதே பிரைபர்க் நகரில் 1765ஆம் ஆண்டு சுரங்கக் கல்விக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. அங்கே மாணவர்கள் வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்டதோடு நில்லாமல் சுரங்கத்துக்குள்ளும் இறங்கினர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அறிஞரான அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் 1791ஆம் ஆண்டில் அங்கே மாணவராகச் சேர்ந்தார். காலையில் பல மணி நேரம் பூமிக்கடியில் உழைப்பு; பின்னர் மேலேறி வந்து விரிவுரைகள். இதுவே அவருடைய அன்றாட வாழ்க்கை. அடுத்த ஆண்டே பிரஷ்ய அரசின் சுரங்க அதிகாரியானவர், நச்சுக் காற்றிலும் தொழிலாளர் மூச்சு விடுவதற்கான கருவியையும், அத்தகைய இடத்தில் அணையாத விளக்கையும் உருவாக்க முயன்றார். 1793இல் சுரங்கத் தொழிலாளருக்கென இலவசப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். மாணவராகச் சுரங்கத்தில் இறங்கியவர், சுரங்கத்தாருக்கு ஆசிரியரைத் தேடித் தந்தார். கொடுக்கல் வாங்கல் இரு புறமும் நிகழ வேண்டும் என்னும் நெறி அன்றே தென்படுகிறது.

அடுத்து நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பொறியியல் ஆசிரியர், பெத்லகேம் நகரில் ஒரு புறம் கல்லூரியும் மறுபுறம் எஃகு ஆலையும் நிற்பதைக் கண்டார். ஆலையின் உலையொளி கல்லூரி வளாகத்தின் மீது படர்ந்த ஒரு மாலையில், ‘இரண்டும் இத்தனை அருகில் இருந்தும் ஒன்றோடொன்று பேசாதது ஏன்?’ என்னும் எண்ணம் அவருக்கு உதித்ததாகக் கூறுவர். பின்னர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர், 1906ஆம் ஆண்டு 27 மாணவர்களுடன் தம் திட்டத்தைத் தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, மறு வாரம் தொழிற்சாலை. இருவர் ஓர் இணை. ஒருவர் படிக்கும் வாரத்தில் மற்றவர் பட்டறையில் நிற்பார்.

இதில் நம்மைப் போன்ற அரசு ஊழியர்கள் இரசிக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு இத்திட்டத்தை ஓராண்டுக்கு மட்டும் அனுமதித்து, தோல்வியுற்றால் அதற்குத் தாங்கள் பொறுப்பாளிகள் அல்லர் என்றும் தீர்மானத்திலேயே எழுதி வைத்தது. கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய நமக்கு இது அயல்நாட்டு வழக்கமாகத் தோன்றவில்லை! ஆனால் ஓராண்டு கடந்தும் திட்டம் நிலைத்தது, நூறாண்டும் கடந்தது, உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ‘சாண்ட்விச்’ வகுப்பு என வழங்கும் பட்டப் படிப்பும் இந்த மரபைச் சார்ந்ததே. வகுப்பறையும் பட்டறையும் அங்கே ஒரே வளாகத்தில் வளர்ந்தவை.

எனினும், ஷ்னைடரின் மாணவர் தொழிலாளியாக உழைத்தாரேயன்றி ஆலோசகராகப் பேசவில்லை. அப்பேச்சுக்கு இடமளித்தவர் ஆர்தர் டி. லிட்டில். இவர் வேதியியல் அறிந்தவர். 1886ஆம் ஆண்டிலேயே கூட்டாளி ஒருவருடன் ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர். தொழிற்சாலைகளுக்குக் கட்டணம் பெற்று யோசனை கூறுவதை ஒரு தொழிலாகவே ஆக்கிய முன்னோடிகளுள் ஒருவர். பன்றியின் காதைக் கொண்டு பட்டுப்பை செய்ய இயலாது என்பது ஆங்கிலேயரின் பழமொழி. அது பொய்யென்று காட்டும் பொருட்டு, 1921இல் பன்றிக் காதுகளைக் காய்ச்சி, இழையாக்கி, உண்மையாகவே ஒரு பையை நெய்து காட்டினார்!

இவரும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் வில்லியம் வாக்கரும் கூடி 1916இல் ஒரு புதிய கல்விமுறையை ஏற்படுத்தினர். புகைப்படக் கருவிகளால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஈஸ்ட்மன் இதற்கு 3,00,000 டாலர் நன்கொடை வழங்கினார். மாணவர்கள் சிறு குழுக்களாகத் தொழிற்சாலைகளுக்குச் செல்வர். அவர்களுடன் கழகத்தின் ஆசிரியரும் அங்கேயே தங்குவார். ஆலை தன்னுடைய உண்மையான சிக்கல் ஒன்றை அவர்கள் முன் வைக்கும். உலையில் வெப்பம் எங்கே வீணாகிறது? நீராவி எங்கே தப்புகிறது? மாணவர்கள் அளந்து, கணக்கிட்டு, நிர்வாகிகளின் முன் நின்று அறிக்கையைப் படித்து, அவர்களுடைய குறுக்குக் கேள்விகளுக்கும் விடை கூற வேண்டும். முதல் உலகப் போர் இம்முயற்சியை இடையில் நிறுத்தியது. போருக்குப் பின் அது மீண்டும் தழைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஓக் ரிட்ஜ் அணுசக்தி நிலையத்திலும் இம்மாணவர்களுக்கு இடம் கிடைத்தது. இன்று நாம் காணும் மாணவர் ஆலோசனைப் பணிகளின் நேரான மூதாதை இதுவே.

இனி 1973ஆம் ஆண்டைக் காண்போம். அவ்வாண்டு அக்டோபரில் மேற்காசியப் போரையொட்டி அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. மூன்று டாலர் அளவில் இருந்த ஒரு பீப்பாய் எண்ணெய், சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற அந்நாட்களை நம்முள் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள் என்பது தண்ணீரைப் போல் ஓடிக்கொண்டே இருக்கும் என்னும் நம்பிக்கை அன்றோடு முறிந்தது.

அதே ஆண்டில் இராஜஸ்தானத்து மணற்காட்டின் ஓரத்தில் உள்ள பிலானியிலும் ஒரு முயற்சி தொடங்கியது. 1964இல் உருவான பிர்லா தொழில்நுட்ப அறிவியல் கழகம், ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு மாசசூசெட்ஸ் கழகத்தின் ஒத்துழைப்பைப் பெற்று வளர்ந்த நிறுவனம். அதன் இயக்குநராக இருந்த சி. ஆர். மித்ராவின் காலத்தில், 1973ஆம் ஆண்டு, ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ என்னும் பயிற்சிப் பள்ளி முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. இதன் சிறப்பு யாதெனில், தொழிற்சாலையில் கழிக்கும் மாதங்கள் விடுமுறைக் காலப் பொழுதுபோக்காகக் கருதப்படவில்லை. வகுப்பறைப் பாடத்துக்கு ஈடான பாடமாகவே மதிப்பிடப்பட்டன. ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் இல்லாத பிலானி, நாட்டின் ஆலைகளையெல்லாம் தன் வகுப்பறையாக்கிக் கொண்டது எனலாம். வெளி மாநிலங்களில் வளர்ந்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் அவ்வழியே சென்றவர்கள்.

எண்ணெய் நெருக்கடி அமெரிக்காவில் வேறொரு விளைவைத் தந்தது. 1976ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு, பல்கலைக்கழகங்களைக் கொண்டு சிறிய, நடுத்தரத் தொழிற்சாலைகளில் இலவச எரிசக்தித் தணிக்கை நடத்தும் திட்டத்தைத் தொடங்கியது. பேராசிரியரும் சில மாணவரும் முதலில் ஆலையின் மின்கட்டணச் சீட்டுகளை வரவழைத்துப் படிப்பர். பின்னர் ஒருநாள் ஆலைக்குச் சென்று, கொதிகலனையும் மோட்டாரையும் விளக்கையும் அளந்து பார்ப்பர். சில வாரங்களுக்குள் அறிக்கை ஆலைக்குப் போய்ச் சேரும். பல மாதங்கள் கழித்து, யோசனைகளில் எவற்றை ஏற்றீர்கள் என்று மீண்டும் கேட்டறிவர். அரை நூற்றாண்டை நெருங்கும் காலத்துக்குள் இத்தணிக்கைகளின் எண்ணிக்கை 20,000ஐக் கடந்தது.

அவர்கள் கண்டு கூறியவை பெரும்பாலும் எளியவை. அழுத்தக் காற்றுக் குழாயில் உள்ள கசிவை அடையுங்கள், காற்றழுத்தியின் வாய்க்கு வெப்பமான உட்காற்றை விடுத்துக் குளிர்ந்த வெளிக்காற்றைக் கொடுங்கள், நீராவிக் குழாய்க்கு வெப்பக் காப்பு உறை போடுங்கள், விளக்கை மாற்றுங்கள். இவற்றைக் கண்டறியப் பேரறிவு வேண்டியதில்லை. வேண்டியது, பழகிப் போகாத காது. பத்து ஆண்டுகளாக ‘உஸ்’ என்னும் கசிவொலியின் நடுவே பணி புரிந்தவருக்கு அவ்வொலி கேட்பதேயில்லை. நேற்று வந்த மாணவருக்கு அது கேட்கிறது. தணிக்கை என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்குக் ‘கேட்டல்’ என்பதே பொருள். பண்டைக் காலத்தில் கணக்கை உரக்கப் படிக்கச் செய்து செவிமடுத்துச் சரிபார்த்தனர் ஆதலின் இப்பெயர் வந்தது. தணிக்கை என்றவுடன் அஞ்சி நடுங்கும் நமக்கு, அது முதலில் கேட்கும் தொழில் என்பது ஆறுதலான செய்தி.

கேட்டுச் சொன்னவற்றை ஆலைகள் ஏற்றனவா? 2004இல் வெளியான பொருளாதார ஆய்வொன்று இத்திட்டத்தின் பதிவேடுகளை ஆராய்ந்து, பரிந்துரைகளில் ஏறக்குறைய பாதியே நிறைவேறின என்று கண்டது. போட்ட முதல் ஓரிரு ஆண்டுகளில் திரும்பும் எனத் தெரிந்தாலன்றி முதலாளிகள் அசையவில்லை. ஆண்டுதோறும் மிச்சமாகும் தொகையைக் காட்டிலும், தொடக்கத்தில் கைவிட்டுப் போகும் தொகையே அவர்களை அதிகம் அச்சுறுத்தியது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. சரியான கணக்கு மட்டும் போதாது. கேட்பவரின் அச்சத்தையும் பணப் பையையும் அறிந்து சொல்லப்பட்ட கணக்கே பயன் தருகிறது.

நம் நாட்டின் நிலையையும் சிறிது நோக்குவோம். 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் கம்பி வழியே கோலார் தங்கவயலுக்குச் சென்றது. ஊரை விட்டுப் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக உழைத்த சுரங்கங்கள் அவை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கிய மின்வலைகள் மாநில அளவில் வளர்ந்து, பின் மண்டல அளவில் இணைந்தன. 2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியாவின் மின்வலை சரிந்து வீழ்ந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து இருளில் மூழ்கின. அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது. தில்லியில் வியர்வையில் நனைந்து அமர்ந்திருந்த நமக்கு, தென்னகத்தில் விளக்கு எரிகிறது என்னும் செய்தி வியப்பளித்தது. காரணம், தென்மண்டல வலை அப்போது ஏனைய மண்டலங்களோடு ஒரே துடிப்பில் இணைக்கப்படவில்லை. 2013ஆம் ஆண்டின் கடைசி நாளில், ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை அந்த இணைப்பையும் நிறைவேற்றியது. குமரி முதல் காஷ்மீரம் வரை ஒரே மின்வலை என்பது அன்றிலிருந்து உண்மை.

ஒன்றான வலையைக் காக்கக் கண்ணும் காதும் நிறைய வேண்டும். 2001இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு அதற்கென ஒரு செயலகம் அமைந்தது. 2012இல் எட்டுத் துறைகளைச் சேர்ந்த 478 பேராலைகளுக்குச் சேமிப்பு இலக்கு வகுக்கப்பட்டது. இலக்கை மிஞ்சிச் சேமித்தவர், எட்டாதவருக்கு அந்த மிகுதியை விற்கலாம். 2021ஆம் ஆண்டுத் திட்டமொன்று இல்லங்களில் 25 கோடி ‘ஸ்மார்ட்’ மீட்டர்களைப் பொருத்துவதைக் குறிக்கோளாகக் கொண்டது. மாதம் ஒருமுறை ஊழியர் வந்து குறித்துச் சென்ற எண்ணை, இம்மீட்டர் நாள் முழுதும் தானே அனுப்புகிறது. டிஜிட்டல் என்னும் சொல்லின் மூலம் இலத்தீனத்தில் விரலைக் குறிக்கும். விரல் விட்டு எண்ணிய மனிதன், எண்ணி முடியாத எண்களை இன்று குவித்து வைத்துள்ளான். இவற்றைப் பொருள்படுத்தும் பணிக்குத்தான் மாணவர்கள் அழைக்கப்படுகின்றனர்.

இவ்விடத்தில் நாம் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் பொருந்தும். நம் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி, தில்லியில் பிறந்து வளர்ந்தவள், கல்லூரியின் சார்பில் ஒரு மின் வழங்கு அலுவலகத்துக்குச் சென்றாள். ஒரு தெருவின் மின்மாற்றியில் இழப்பு மிகுந்திருந்தது. அனுப்பிய மின்சாரத்தில் பெரும் பகுதிக்குக் கட்டணம் வரவில்லை. அது பெரும்பாலும் கூலி வேலை செய்து பிழைக்கும் வெளியூரார் வாழும் தெரு. ஆதலின் மின்திருட்டு என்று அலுவலகம் முடிவு செய்து, நடவடிக்கைக்கும் ஆயத்தமாயிற்று. புதிய மீட்டர்களின் எண்களைக் கம்ப்யூட்டரில் இட்டு அதனை உறுதிப்படுத்துவதே அவளுக்கு இடப்பட்ட பணி.

எண்களை அடுக்கிப் பார்த்தவளுக்கு, அடுத்த தெருவின் கணக்கில் ஒரு விந்தை தென்பட்டது. அங்கே அனுப்பிய மின்சாரத்தை விடக் கட்டணம் வசூலான மின்சாரம் அதிகம்! கடைக்குக் கொண்டுவந்த அரிசியை விட விற்ற அரிசி கூடுதல் என்றால் எவரேனும் நம்புவரோ? இரண்டு நாள் குழம்பியபின், அத்தெருக்களில் கம்பி ஏறும் முதிய ஊழியர் ஒருவரிடம் சென்று கேட்டாள். அவர் சிரித்துக் கொண்டே, ஒரு மழைக்காலத்தில் கம்பி அறுந்தபோது அடுத்த தெருவின் முப்பது வீடுகளை இந்த மின்மாற்றிக்கு மாற்றிக் கட்டியதாகவும், அதை ஏட்டில் எவரும் மாற்றவில்லை என்றும் சொன்னார். எவரேனும் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன் என்றும் சேர்த்துக் கொண்டார்.

திருட்டு இல்லை, ஏட்டில் பிழை. அவளுடைய அறிக்கையில் ஆறு பரிந்துரைகள் இருந்தனவாம். ஏற்கப்பட்டவை மூன்று என்று அறிந்தோம். அந்த மூன்றில் ஒன்று, வீடுகளின் பட்டியலைத் திருத்துவது. அதனால் ஒரு தெரு முழுவதும் கள்வர் என்னும் பழியிலிருந்து தப்பியது. அத்தெருவினருக்கு இச்செய்தி இன்றளவும் தெரியாது.

மாணவரின் ஆலோசனையை மிகைப்படுத்திப் பேசுவது நம் கருத்தன்று. இரண்டு மாதப் பழக்கத்தில் எழுதப்படும் அறிக்கைகள் பல, அழகிய அட்டையோடு அலமாரியில் உறங்குகின்றன. சில நிறுவனங்கள் மாணவரைக் கூலியில்லாத எழுத்தராகவே நடத்துகின்றன. சில மாணவர்கள் அலுவலக நாற்காலியை விட்டு எழாமலே நிறுவனத்தின் எதிர்காலத்தைத் தீர்மானித்து விடுகின்றனர். ஹம்போல்ட் சுரங்கத்தில் இறங்கினார். ஷ்னைடரின் மாணவர் பட்டறையில் நின்றார். லிட்டிலின் மாணவர் கொதிகலனை அளந்தார். இறங்கியும் நின்றும் அளந்தும் அறிந்தவர்களின் சொல்லுக்கே நிறுவனங்கள் செவி சாய்த்திருக்கின்றன. கம்ப்யூட்டர் வந்த பின்னும் இவ்விதி மாறவில்லை. ஏட்டில் இல்லாத செய்தி கம்ப்யூட்டரிலும் இராது. அது கம்பத்தின் மீது ஏறும் மனிதரிடம் இருக்கும்.

ஊரை விட்டு வந்த நமக்கு இது புதிய பாடமன்று. புதிய ஊரில் கால் வைத்தவுடன் எல்லோரிடமும் கேட்டுக் கேட்டே நாம் வாழக் கற்றோம். பால் எங்கே கிடைக்கும், எந்தப் பேருந்து எங்கே போகும், இந்தச் சொல்லுக்கு இவ்வூரில் என்ன பொருள் என்று கேட்பதில் நாம் வெட்கப்பட்டதில்லை. உள்ளூரார் கவனிக்க மறந்தவை நம் கண்ணில் பட்டதும் உண்டு. புதியவருக்கு உரிய இந்தக் கூச்சமற்ற கேள்வியே நம் பிள்ளைகள் தொழிற்கூடத்துக்கு எடுத்துச் செல்லத் தக்க கட்டுச்சோறு. இந்தக் கோடையில் உங்கள் இல்லத்துப் பிள்ளை ஒரு மின்நிலையத்துக்கோ சுத்திகரிப்பு ஆலைக்கோ புறப்படுமாயின், கணக்கில் கவனமாயிரு என்று சொல்லி அனுப்புங்கள். முதல் நாளே, அங்குள்ள மிக மூத்த தொழிலாளியின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.